மஜெண்டா தீர்ந்த நாள்

வீட்டுத் திறப்பைக் கையில் தரும்போதே
தர்மபூபதி சொல்லிவிட்டார்:
"ஆணி மட்டும் அடிக்கக்கூடாது."

எனக்கு முன் இருந்த யாரோ அடித்த
ஒற்றை ஆணி இருந்தது,
யன்னலுக்கும் மின்மானிக்கும் நடுவில்.
அதில் தொங்கிய காலண்டர்
போன வருடத்து நவம்பரில்
நின்றுபோயிருந்தது.

மற்றதெல்லாம் ரோசா நிறம்.
நான்கு சுவரும், சமையலறைக் கதவும்.
கலியாண மண்டபத்துக்கு வாங்கி
மிஞ்சிய பெயின்ற் என்றார், பெருமையாக.
இரவில் லைட்டைப் போட்டால்
பலூடாக் கிளாசுக்குள் குந்தியிருந்து
சோறு தின்பதுபோல் இருக்கும்.

படம் வாங்கப் போனேன்.
டொக்யாட் வீதிக் கடையில்
வெள்ளைக்காரருக்கென்று யானைகள்,
சட்டத்தோடு பன்னிரண்டாயிரம்.
அடுத்த கடையில் நீர்வீழ்ச்சி,
கன்னத்தில் கைவைத்த குழந்தை,
ஓடும் ஏழு குதிரைகள்.
குதிரைகள் எங்கே ஓடுகின்றன என்று கேட்டேன்.
"முன்னேற்றத்துக்கு" என்றார் கடைக்காரர்.

மாதம் பத்தாம் திகதிக்குள்
என் சம்பளம் அப்படி ஓடுவதை
நேரிலேயே பார்க்கிறேன்.
சட்டம் போட்டு வேறு மாட்டவேண்டுமா?

பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க நுழைந்த கடையில்,
பூப்புனித நீராட்டு அட்டைகளுக்கும்
கண்ணீர் அஞ்சலிகளுக்கும் இடையே
கொடியில் உடுப்புக் காய்வதுபோல்
மூன்று கடதாசிகள்.

கண்டக்டர் பை மாட்டிய நண்டு,
எட்டுக் காலாலும் மிச்சக் காசு தேடியபடி
கத்துகிறது: "பக்கத்தால போங்க, பக்கத்தால போங்க!"
பஸ் நிலைய வாங்கில்
கால்மேல் கால் போட்டு
லொத்தர் சுரண்டும் மான்.
பல் வைத்தியரின் கதிரையில் சுறா;
வைத்தியரான இறால்
கதவுக்கு வெளியே நின்று டோர்ச் அடிக்கிறது.

"ஆர் கீறினது?"
"நான்தான் அக்கா" என்றான் ஹஸ்மிர்.
"செத்த ஆக்கள்ட தலைமயிரைச் சுத்தி
வெட்டி வெட்டிக் கை களைச்சா
இப்பிடி ஏதும் கீறுவன்."

ஒன்று ஐந்நூறாம்.
"இண்டைக்கு எண்டா நூற்றைம்பது.
மஜெண்டா தீர்ந்துபோச்சு.
கொழும்பால வர வெள்ளியாகும்."

அதனால்தான்
சிவந்திருக்கவேண்டிய நண்டு மஞ்சள்.
மான் மாங்காய்ப் பச்சை.
சுறாவின் முரசும் எலுமிச்சை நிறம்.
மூன்றையும் எடுத்தேன்.

பிழையாய் அச்சான மரண அறிவித்தலொன்றில்
சுருட்டித் தந்தான்.
நிலாவெளி பஸ்ஸில்
பக்கத்தில் இருந்தவர் குரல் தாழ்த்திக் கேட்டார்:
"ஆர் பிள்ளை மோசம் போனது?"
சிரிப்பை அடக்கக் குனிந்தேன்.
அழுகிறேன் என்று நினைத்திருப்பார்,
முதுகைத் தடவிவிட்டார்.
"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

நவம்பரைக் கழற்றி ஆணியில் நண்டு.
மானுக்கு அலுமாரிக் கதவு.
சுறாவை செலோரேப்பால் ஒட்டினேன்;
உப்புக்காற்று இரவு இரண்டு மணிக்கு
அதைக் கழற்றிப் போட்டது.
காலையில் வாசலோரம்
காஸ் சிலிண்டரில் சாய்த்துவைத்தேன்.

பல் தீட்டிக்கொண்டே பார்த்தபோதுதான் பட்டது:
படங்களில் இல்லாத நிறமெல்லாம்
சுவரில் இருந்தது.
வாளி வாளியாக.
நண்டுக்குச் சேரவேண்டிய சிவப்பை
யாரோ முற்பணம் கட்டி
வாங்கிப் பூசிவைத்ததுபோல.
அதற்குப் பிறகு அந்தச் சுவரோடு
எனக்குக் கோபமில்லை.
கோபம் குறைவு என்று சொல்லலாம்.

வாடகைக்கு வந்த தர்மபூபதி
முதலில் ஆணிகளை எண்ணினார். ஒன்று.
நண்டின் முன் கனநேரம் நின்றார்.
"இது ஏன் மஞ்சள்?"
"காமாலை" என்றேன்.
சிரிக்கவில்லை.
காசை இரண்டு தரம் எண்ணினார்.
திரும்பும்போது
வாசலில் சிலிண்டரும் சுறாவும்.
வயிற்றை எக்கி,
நண்டை ஒருமுறை திரும்பிப் பார்த்து,
பக்கத்தால் போனார்.